கைக்குத் தெரிந்த கருவியும் திரைக்குள் இருக்கும் கருவியும்

1962இல் அமெரிக்கப் பொறியாளர் டக்ளஸ் எங்கெல்பார்ட் ஒரு பென்சிலோடு செங்கல்லைச் சேர்த்துக் கட்டி எழுதவைத்துப் பார்த்தார். கணினியின் துணையோடு மனித அறிவின் திறனைப் பெருக்குவது எப்படி என்று ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தபோது அவர் எழுதிய அறிக்கையில் இந்தச் சோதனை வருகிறது. ஒரே வாசகத்தைத் தட்டச்சு இயந்திரத்தில் அடிக்கவும், பென்சிலால் எழுதவும், செங்கல் கட்டிய பென்சிலால் எழுதவும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று ஒப்பிட்டுக் காட்டினார். நேரக் கணக்கு அவருக்கு ஒரு தொடக்கம்தான். எழுதுவதற்கு இந்தச் செங்கல் பென்சில் ஒன்றுதான் வழி என்று இருந்திருந்தால் நம் நாகரிகம் எப்படி வளர்ந்திருக்கும் என்று கேட்டார். யாராவது குறிப்பெடுத்திருப்பார்களா? எழுதியதை அடித்துத் திருத்தியிருப்பார்களா? கருவியின் கனம் கையோடு நிற்பதில்லை, நினைப்பின் போக்கையே மாற்றிவிடுகிறது என்பது அவர் கண்ட உண்மை.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 9 அன்று, சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு மாநாட்டு மேடையில் மவுஸை உலகுக்குக் காட்டியவரும் இதே எங்கெல்பார்ட்தான். அதன்பின் வரைவாளரின் டீ-ஸ்கொயர், புகைப்படக்காரரின் இருட்டறை, அச்சகத்தின் கத்தரிக்கோலும் பசையும், இசைக்கலைஞரின் திருகுகள், மாலுமியின் நெம்புகோல் என ஒவ்வொன்றாகத் திரைக்குள் போய்விட்டன. இந்த இடமாற்றத்தில் எது கிடைத்தது, எது போனது என்று அறுபது ஆண்டுகளாக விவாதம் நடக்கிறது. ஒரு தரப்பு, மரமும் இரும்பும் தரும் தொடுவுணர்வு திரைக்கு வராது என்கிறது. மறுதரப்பு, பழைய பொருள்களின் பாவனையை விட்டொழித்தால்தான் மென்பொருள் தன் முழு வலிமையைக் காட்டும் என்கிறது. இரண்டு தரப்புமே கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துக் கேட்கின்றன என்று எனக்குப் படுகிறது. ஒரு கருவி இப்போது என்ன நிலையில் இருக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறது, அழுத்தினால் என்ன செய்யும் என்ற தகவல் எங்கே இருக்கிறது? கையில் இருக்கிறதா, கண்ணுக்குத் தெரிகிறதா, அல்லது கணினியின் நினைவகத்துக்குள் ஒளிந்திருக்கிறதா? இடைமுக வடிவமைப்பின் வரலாற்றில் வெற்றி பெற்றவை, தோற்றவை, உயிரைப் பறித்தவை எல்லாவற்றையும் இந்தக் கேள்வியோடு அணுகினால்தான் ஒரு ஒழுங்கு தெரிகிறது.

கருவி உடம்பாகும் விதம்

தத்துவவாதி மார்ட்டின் ஹைடெகர் 1927இல் வெளியிட்ட நூலில் சுத்தியலைப் பற்றி எழுதியது இந்தத் துறையில் திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. ஆணி அடிப்பவரின் கவனத்தில் சுத்தியல் இருப்பதில்லை, வேலைதான் இருக்கிறது. பிடி கழன்றாலோ, தலை ஆடினாலோதான் சுத்தியல் ஒரு பொருளாகக் கண்முன் வந்து நிற்கிறது. டெரி வினோகிராடும் ஃபெர்னாண்டோ ஃபுளோரஸும் 1986இல் இந்தச் சிந்தனையைக் கணினித் துறைக்குக் கொண்டுவந்தார்கள். மைக்கேல் பொலானி இதையே வேறு கோணத்தில் விளக்கினார். உள்ளங்கையில் சுத்தியல் தரும் அதிர்வை நாம் அறிகிறோம், ஆனால் அதைக் கவனிப்பதில்லை. அதன் வழியாக ஆணியின் தலையைக் கவனிக்கிறோம்.

தத்துவமாக இருந்ததை 1996இல் ஜப்பானிய நரம்பியலாளர் அட்சுஷி இரிகியும் சகாக்களும் மூளையிலேயே அளந்தார்கள். குரங்குகளுக்குச் சிறிய வாரியைக் கொடுத்து எட்டாத உணவை இழுத்துக்கொள்ளப் பழக்கினார்கள். மூளையில் சில நரம்பணுக்கள் கையைத் தொட்டாலும் தூண்டப்படும், கைக்கு அருகில் ஒரு பொருள் தெரிந்தாலும் தூண்டப்படும். வாரியைப் பயன்படுத்தியபின் அந்த அணுக்களின் காட்சிப் பரப்பு வாரியின் நுனிவரை நீண்டிருந்தது. வாரியைச் சும்மா பிடித்திருந்தபோது அப்படி நீளவில்லை. வேலையில் இறங்கிய கருவியைத்தான் மூளை கையாக எடுத்துக்கொள்கிறது.

இதைக் கேட்டதும் மென்பொருளுக்கு எதிரான சாட்சியம் கிடைத்துவிட்டதாகச் சிலர் எண்ணுவார்கள். 2010இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு முடிவு அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்கவில்லை. அன்றாடம் மவுஸ் பிடித்துப் பழகியவர்களின் கைக்கு அருகான வெளி, திரையின் பக்கம்வரை நீண்டிருப்பதை அவர்கள் கண்டார்கள். மவுஸுக்கும் திரைக்கும் இடையில் கம்பு எதுவும் இல்லை. ஆனாலும் உடம்பு அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. எனவே திரைக் கருவிக்கு உடம்போடு உறவே கிடையாது என்ற புலம்பல் நிற்காது. வேறுபாடு வேறு எங்கோ இருக்கிறது.

ஒரே அம்பு, பல வேலை

அந்த வேறுபாட்டைப் பார்க்க 1984இல் மெக்கின்டாஷ் கணினியோடு வந்த மேக்பெயின்ட் என்ற வரையும் மென்பொருள் நல்ல இடம். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஷூப் 1973இலேயே சூப்பர்பெயின்ட் என்ற நிரலால் கணினியில் வண்ணம் தீட்டிக் காட்டியிருந்தார். என்றாலும் சாதாரண மக்களின் மேசைக்குக் கருவிப் பெட்டியைக் கொண்டுவந்தது பில் அட்கின்சன் எழுதிய மேக்பெயின்ட்தான். பென்சில், தூரிகை, அழிப்பான், தெளிப்பான், வாளி, சுருக்குக்கயிறு என்று திரையின் இடது ஓரத்தில் அவை அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பார்த்தவுடன் புரிந்தது. ஆனால் அவற்றில் பாதிக்கு வெளியுலகில் முன்னோடியே கிடையாது. எந்த வாளியும் ஊற்றிய வண்ணத்தைக் கோட்டின் எல்லைக்குள் மட்டும் நிரப்பாது. எந்தக் கயிறும் தாளில் வரைந்த முகத்தைத் தனியே பிரித்து நகர்த்தாது. பெயரையும் படத்தையும் கடன் வாங்கிக்கொண்டு, எந்தக் கைக்கருவியாலும் ஆகாத வேலையை மென்பொருள் செய்தது.

அந்தப் பெட்டியில் இன்னொன்றும் கவனிக்கப்படாமல் உள்ளே வந்தது. தச்சரிடம் உளி வேறு, ரம்பம் வேறு. எடை, பிடி, கையை வைக்கும் விதம் எல்லாம் மாறும். எதைப் பிடித்திருக்கிறோம் என்று அவர் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. திரையிலோ பென்சிலுக்கும் அழிப்பானுக்கும் ஒரே மவுஸ், ஒரே எடை, ஒரே அசைவு. அம்புக்குறியின் வடிவம் மட்டும் மாறுகிறது. மென்பொருள் கருவி என்று நாம் சொல்வது உண்மையில் நிரல் தற்போது இருக்கும் ஒரு நிலை. அந்த நிலையை நினைவில் வைத்திருக்கும் பாரம் கையிலிருந்து மூளைக்கு மாறிவிட்டது.

கிடைத்ததை நேர்மையாகச் சொல்ல இருட்டறையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் ஒரு பகுதியை வெளுப்பாக்கும் டாட்ஜ் கருவியின் சின்னம் குச்சி முனையில் ஒரு வட்டத் தட்டு. கருமையாக்கும் பர்ன் கருவியின் சின்னம் குவித்த கை. இருட்டறையில் என்லார்ஜரின் வெளிச்சம் தாளில் விழும்போது, கம்பியில் ஒட்டிய அட்டைத் துண்டை நடுவில் காட்டி ஒரு முகத்தின் மேல் விழும் ஒளியைச் சில விநாடி தடுப்பார்கள். விளிம்பு தெரியாமலிருக்க அட்டையை அசைத்துக்கொண்டே இருப்பார்கள். வானம் வெளுத்திருந்தால் இரண்டு கைகளையும் குவித்து, வானத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி போகும்படி மறைப்பார்கள். செய்தது சரியா என்பது தாள் டெவலப்பரில் மிதந்து உருவம் எழும்போதுதான் தெரியும். தவறினால் அந்தத் தாள் குப்பைக்கு. கையின் அறிவு அங்கே உச்சத்தில் இருந்தது, பிழையின் விலையும் உச்சத்தில் இருந்தது.

தாமஸ், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப் 1990இல் வந்தது. அதே வேலையில் கை வைக்கும் கணமே விளைவு தெரிந்தது. பிடிக்கவில்லை என்றால் அண்டூ. 1994இல் வந்த மூன்றாம் பதிப்பு அடுக்குகளைக் கொண்டுவந்தபோது, மூலப் படத்தைத் தொடாமலேயே அதன்மேல் வேலை செய்ய முடிந்தது. திரும்பி வர வழி இருப்பதால் துணிந்து முயன்று பார்க்கலாம். எங்கெல்பார்ட் தேடிய மாற்றம் இதுதான். கருவி இலகுவானதும் சிந்தனையே வேறு பாதையில் போகிறது. ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவர் தாளுக்கும் ரசாயனத்துக்கும் காசு செலவழிக்காமல் ஆயிரம் முறை தவறு செய்து கற்றுக்கொள்ளலாம் என்பதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

மோடு என்னும் மறைவிடம்

கருவி ஒரு நிலையாக, கணினித் துறையின் சொல்லில் ஒரு மோடாக, மாறியதால் வந்த ஆபத்தை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் கணினி விஞ்ஞானி லாரி டெஸ்லர். ஜெராக்ஸ் பார்க்கில் 1974 வாக்கில் உருவான பிராவோ என்ற எழுத்துச் செயலி, திரையில் தெரிவது போலவே அச்சிடும் பெருமை கொண்டது. ஆனால் அதில் எழுத்தடிக்கும் மோடு ஒன்று, கட்டளை மோடு ஒன்று. கட்டளை மோடில் இருப்பதை மறந்து ஒருவர் 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் முதல் எழுத்து ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடுக்கும், இரண்டாவது அழிக்கும், மூன்றாவது புதிதாக எழுத ஆயத்தமாகும், நான்காவது எழுத்து மட்டும் திரையில் மிஞ்சும். டெஸ்லர் தன் காரின் எண் பலகையிலேயே 'மோடு வேண்டாம்' என்று பொருள்படும் ஆங்கில எழுத்துகளைப் போட்டுக்கொண்டார்.

அவரும் டிம் மாட்டும் அடுத்துச் செய்த ஜிப்சி என்ற செயலி ஒரு பாடநூல் பதிப்பகத்தின் ஆசிரியர்களுக்கானது. அவர்கள் கைப்பிரதியைக் கத்தரித்து, இடம் மாற்றி, பசை தடவி ஒட்டுவதைப் பார்த்துத்தான் கட்டும் பேஸ்ட்டும் இன்றைய வடிவத்தைப் பெற்றன. கைவேலையை மதித்துப் பிறந்த வடிவமைப்பு அது. இருந்தாலும் ஒன்று தவறிப்போனது. கத்தரித்த தாள்துண்டுகள் மேசையில் கண்ணெதிரே கிடக்கும், பத்து இருந்தாலும் பத்தும் தெரியும். கணினியில் வெட்டிய துண்டு எங்கேயோ மறைந்திருக்கும், அடுத்ததை வெட்டினால் முந்தையது போய்விடும். விண்டோஸில் வெட்டியவற்றின் வரிசையைக் காட்டும் வசதி இயங்குதளத்தின் பகுதியாக வந்தது 2018இல்தான். மேசையின் ஒரு மூலை செய்துகொண்டிருந்த வேலையைத் திரும்பப் பெற நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இந்த மறைவிடத்தை உடம்பைக் கொண்டே திறக்கலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று அபிகெயில் செல்லன், கோர்டன் கர்டன்பாக், பில் பக்ஸ்டன் மூவரும் 1992இல் வெளியிட்ட ஆய்வு. எழுத்துச் செயலியில் மோடு மாற்றத்தைச் சிலருக்கு விசையில் வைத்தார்கள், சிலருக்குக் காலால் அழுத்தியபடி இருக்க வேண்டிய மிதியில் வைத்தார்கள். மோடு மாறியிருப்பதைத் திரையின் நிறத்தாலும் காட்டிப் பார்த்தார்கள். நிறத்தைவிடக் கால் அதிகப் பிழைகளைத் தடுத்தது. தசை இறுக்கமாக இருக்கும்வரை மோடு நடப்பில் இருக்கிறது, விட்டால் முடிகிறது. ஷிஃப்ட் விசைக்கும் கேப்ஸ் லாக்குக்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஷிஃப்ட்டைப் பிடித்திருக்கும் விரலுக்குத் தான் செய்வது தெரியும். கேப்ஸ் லாக்கை எப்போதோ தட்டிவிட்டுப் போன விரலுக்கு எதுவும் தெரியாது.

கொம்பு முதலா, மெய் முதலா

இயந்திரத்தைப் போற்றுவது எங்கே நிற்க வேண்டும் என்பதற்குத் தமிழ் விசைப்பலகையே சாட்சி. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா வகுத்த தமிழ்த் தட்டச்சுப் பலகை, இரும்பின் கட்டாயங்களுக்குள் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை அடக்கிய பெரும் சாதனை. தாள் உருளை ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு திசையில் நகரும். எனவே தாளில் இடது பக்கம் இருப்பதை முதலில் அடிக்க வேண்டும். 'கொ' அடிக்கக் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். ஒலியில் மெய் முன்னால், உயிர் பின்னால். இயந்திரத்தில் உயிரின் பாதி மெய்க்கு முன்னால், மீதி பின்னால். எழுத்தின் தலைமேல் நிற்கும் குறிகளுக்கு உருளையை நகர்த்தாத விசைகள் தேவைப்பட்டன. அடித்துப் பழகிய விரல்கள் இதையெல்லாம் யோசிக்காமல் செய்தன, பொலானியின் சுத்தியல் போலவே.

கணினி வந்ததும் உருளை இல்லை. கொம்பை எந்த வரிசையில் அடித்தாலும் திரை சரியான இடத்தில் அதை நிறுத்தும். யூனிகோட் குறியேற்றத்தில் மெய்யெழுத்தின் இடம் முதலில், உயிர்க்குறி பின்னால். ஆனாலும் இயந்திரத்தின் வரிசை மென்பொருளுக்குள் அப்படியே குடியேறியது. அரசு அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பயிற்சி பெற்ற ஆயிரக்கணக்கான கைகள் இருந்தன, அவற்றை ஒரே நாளில் மாற்றச் சொல்ல முடியாது. அதுவும் நியாயம்தான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி உருவாகி, தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 பலகை வேறு பாதையில் போனது. உயிர்கள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. ககரத்தையும் ஒகரத்தையும் தட்டினால் 'கொ' வந்துவிடும், கொம்பைப் பற்றி விரல் கவலைப்பட வேண்டாம். மகரத்தை இருமுறை தட்டினால் முதல் மகரத்துக்குப் புள்ளி தானே விழும். இரும்பால் நினைத்தும் பார்க்க முடியாத வேலை இது. மொழியின் இலக்கணம் கருவிக்குள் போய் உட்கார்ந்தது. மென்பொருள் தன் முழு வலிமையைக் காட்டிய இடங்களைப் பட்டியலிடச் சொன்னால் நான் இதையும் சேர்ப்பேன்.

ஆனால் இங்கேயும் நிலை ஒளிந்துகொள்ளும் சிக்கல் விடவில்லை. அடிக்கத் தொடங்கும்போது பலகை தமிழில் இருக்கிறதா ஆங்கிலத்தில் இருக்கிறதா என்பது விரலுக்குத் தெரிவதில்லை. தலை நிமிர்ந்தால் திரையில் ஒரு வரி பொருளற்ற ரோமன் எழுத்துகள் நிற்கும். தமிழில் எழுதும் ஒவ்வொருவருக்கும் இது அன்றாடத் தொல்லை. இரண்டு மொழிக்கு இரண்டு இயந்திரம் வைத்திருந்த தட்டச்சரால் இந்தத் தவறைச் செய்யவே முடியாது.

தோலும் தையலும்

திரையில் தோல் அட்டையும் தையல் நூலும் மரப் பலகையும் வரைந்து வைத்த காலம் ஒன்று இருந்தது. ஆப்பிளின் நாட்காட்டியும் குறிப்பேடும் அப்படித்தான் இருந்தன. 2013இல் வந்த ஐஓஎஸ் 7 அவற்றைத் துடைத்தெறிந்தது. வடிவமைப்பாளர்கள் இதைப் பெரிய போராகப் பேசினார்கள். ஆனால் வரைந்த தையலும் வரையாத தையலும் விரலுக்கு ஒரே கண்ணாடிதான். அதைவிடக் கூர்மையான விமர்சனத்தை 2011இலேயே இடைமுக வடிவமைப்பாளர் பிரெட் விக்டர் வைத்துவிட்டார். எதிர்காலம் என்று எல்லோரும் காட்டுவது கண்ணாடிக்கு அடியில் உள்ள படங்களைத்தான், மனிதக் கையின் திறன்களில் அது ஒன்றைக்கூட மதிப்பதில்லை என்பது அவர் வாதம். தட்டையான புதிய பாணி ஒரு கேட்டையும் செய்தது. எது பொத்தான், எது வெறும் எழுத்து என்ற அடையாளத்தையே பல செயலிகளில் அழித்தது.

உயிர் பணயமாகும் இடம்

2017 ஆகஸ்ட் 21 விடிகாலையில், சிங்கப்பூர் நீரிணையை நெருங்கிய அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஓர் எண்ணெய்க் கப்பலின் பாதையில் குறுக்கே திரும்பி மோதியது. பத்து மாலுமிகள் இறந்தார்கள். கப்பலின் சுக்கானும் வேகமும் தொடுதிரைகளில் இருந்தன. சுக்கான் பிடித்திருந்தவர் இரண்டு வேலையையும் சேர்த்துச் சமாளிக்கத் திணறுவதைக் கண்ட தலைவர், வேகக் கட்டுப்பாட்டை மட்டும் பக்கத்து இருக்கைக்கு மாற்றச் சொன்னார். மாற்றும்போது சுக்கானும் சேர்ந்து போய்விட்டது. பழைய இருக்கையில் இருந்தவர் சுக்கான் செயலிழந்துவிட்டதாக அறிவித்தார். அது செயலிழக்கவில்லை. இரண்டடி தள்ளி இன்னொரு திரையில் இருந்தது. அதைத் தன் கையில் வைத்திருப்பவருக்கே அது தெரியவில்லை. வேகத்தைக் குறைக்க உத்தரவு வந்தபோது, இரண்டு உந்துதண்டுகளும் திரையில் இணைக்கப்படாமல் இருந்ததால் ஒன்று மட்டும் குறைந்தது. கப்பல் இன்னும் வேகமாக இடப்புறம் திரும்பியது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019இல் வெளியிட்ட அறிக்கை, பயிற்சிக் குறைவையும் கடற்படையின் மேற்பார்வைக் குறைவையும் முதன்மைக் காரணமாகச் சொன்னது. கட்டுப்பாட்டை ஒருவர் அறியாமலே இன்னொருவர் எடுத்துக்கொள்ள இடம் கொடுத்த மோடில் கப்பல் ஓடியதையும் குறிப்பிட்டது. இரண்டு இரும்பு நெம்புகோல்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தால், ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் இருப்பது இருட்டில்கூடக் கைக்குத் தெரிந்திருக்கும். சுக்கான் சக்கரம் யார் கையில் என்ற கேள்வியே எழுந்திருக்காது. அதே ஆண்டு கடற்படை, அந்த வகைக் கப்பல்களில் வேகத்துக்கு மீண்டும் நெம்புகோல்களைப் பொருத்த முடிவு செய்தது.

இதற்கு முப்பது ஆண்டு முன்பே தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் கற்றுக்கொடுத்த பாடம் மருத்துவப் பொறியியலில் இன்றும் சொல்லித்தரப்படுகிறது. 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகள் அளவு கடந்த கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், சிலர் இறந்தார்கள். முந்தைய தெராக்-20 இயந்திரத்தில் தவறான கதிர் வெளியேறாதபடி தடுக்கும் தனி வன்பொருள் தடைகள் இருந்தன. புதியதில் அந்தப் பொறுப்பு மென்பொருளிடம் விடப்பட்டது. பின்னால் நடந்த ஆய்வில் தெரிந்தது இன்னும் கனமானது. அதே மென்பொருள் பிழை பழைய இயந்திரத்திலும் இருந்திருக்கிறது. அங்கே ஃபியூஸ் போயிற்று, உயிர் போகவில்லை.

கார்களில் இந்தக் கணக்கு இப்போது ஓட்டுநர்கள் முன்னால் நிற்கிறது. 2022இல் ஸ்வீடனின் வி பிலாகரே இதழ், பதினோரு புதிய கார்களோடு 2005ஆம் ஆண்டின் ஒரு வால்வோவையும் சேர்த்துச் சோதித்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் குளிர்சாதனம், வானொலி போன்ற நான்கு எளிய வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். பொத்தான்கள் நிறைந்த பழைய வால்வோவில் அது 306 மீட்டரில் முடிந்தது. மிக மோசமான தொடுதிரைக் காரில் 1,372 மீட்டர் ஆனது. திருப்பக் காட்டி, அபாய விளக்கு, ஒலிப்பான், துடைப்பான், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பொத்தான் அல்லது நெம்பு இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று ஐரோப்பியக் கார்ப் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கேப் 2026 முதல் விதி வகுத்திருக்கிறது. கண் சாலையில் இருக்க வேண்டிய நேரத்தில், கண்ணால் மட்டுமே அறியக்கூடிய கருவியைக் கையில் கொடுப்பது தவறு. இந்த விதி பத்து ஆண்டு முன்பே வந்திருக்க வேண்டும்.

கைக்குத் திரும்பக் கொடுத்தவர்கள்

1987இல் பிரெஞ்சு ஆய்வாளர் இவ் கியார் எழுதிக் காட்டிய ஓர் உண்மை எளிமையானது. வலக்கை எழுதும்போது இடக்கை சும்மா இருப்பதில்லை, தாளை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. தாளுக்கு அடியில் கார்பனை மறைத்துவைத்துப் பார்த்தபோது, பக்கம் முழுவதும் பரவிய எழுத்து மேசையின்மேல் ஒரு சிறு பகுதிக்குள் நெருங்கி விழுந்திருந்தது. ஒரு கை களத்தை அமைக்கிறது, மறு கை அதற்குள் வேலை செய்கிறது. இதை உள்வாங்கி 1993இல் எரிக் பியரும் மற்றவர்களும், இடக்கையால் நகர்த்தும் ஒளி ஊடுருவும் கருவித் தட்டின் வழியே வலக்கை கிளிக் செய்யும் டூல்கிளாஸை வடித்தார்கள். கருவியைத் தேர்வதும் பயன்படுத்துவதும் ஒரே அசைவு. மோடே உருவாகாது. இவ்வளவு நல்ல சிந்தனை சந்தையில் பரவாமல் போனது வருத்தமானது.

டரெல் பிஷப் 1992இல் வடிவமைத்த தொலைபேசிப் பதிவுக் கருவியில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு கோலிக்குண்டு விழும். எத்தனை செய்தி என்று பார்த்தால் தெரியும். ஒன்றை எடுத்துக் குழியில் வைத்தால் அது பேசும். எம்ஐடியில் ஹிரோஷி இஷியும் பிரிக் உல்மரும் 1997இல் இந்தத் திசையைத் தொடுவுணரத்தக்க தகவல் என்ற முழு ஆய்வுத் துறையாக்கினார்கள். ஆனால் பொருளுக்கு ஒரு எல்லை உண்டு. கோலிக்குண்டு மாதிரி நூறாயிரம் கடிதங்களை வீட்டில் கொட்டிவைக்க முடியாது. பொருள் உருமாறாது, அதற்குள் தேட முடியாது, அதை நகலெடுக்க முடியாது.

இசைக்கலைஞர்கள் இந்த இழுபறியை மற்றவர்களைவிட ஆழமாக அனுபவித்தார்கள். 1970இன் மினிமூக் என்ற மின்னணு இசைக்கருவியில் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு திருகு. பார்த்தாலே நிலை தெரியும், விளையாடும்போதே திருகலாம். ஆனால் நேற்றைய ஒலியை இன்று எடுக்கத் திருகுகளின் நிலையைத் தாளில் குறித்துவைக்க வேண்டும். 1983இன் யமஹா டிஎக்ஸ்7 ஒலிகளை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு பொத்தானில் திருப்பிக் கொடுத்தது. விலையாக, தட்டையான பொத்தான்களின் வரிசையும் ஒற்றை நழுவுகோலும் சின்னத் திரையும். புது ஒலியை உருவாக்குவது அவ்வளவு சிரமமாக இருந்ததால், பெரும்பாலோர் கூடவே வந்த ஒலிகளையே வாசித்தார்கள். எண்பதுகளின் பாடல்கள் பலவற்றில் ஒரே மின்பியானோ ஒலி கேட்பதற்கு இடைமுகமும் ஒரு காரணம். எங்கெல்பார்ட்டின் செங்கல் இங்கே வேறு உருவில் நிற்கிறது.

இரண்டையும் சேர்த்த தீர்வு ஒலிப்பதிவு மேசைகளில் இருக்கிறது. அதன் நழுவுகோல்களுக்கு அடியில் மோட்டார். நேற்றைய பதிவைத் திறந்ததும் எல்லாக் கோல்களும் தாமே நகர்ந்து நேற்றைய இடத்தில் நிற்கும். மென்பொருளின் நினைவு, கைக்கு எட்டும் வடிவில். கணினியில் வரையும் வாகோம் பேனாக்கள் பலவற்றின் பின்முனையில் அழிப்பான் இருப்பதும் இதே அறிவு. பேனாவைப் புரட்டினால் கருவி மாறுகிறது, எது கையில் இருக்கிறது என்று கை எப்போதும் அறிந்திருக்கிறது. இத்தகைய தீர்வுகள் செலவு பிடிப்பவை, ஒரு தொழிலை நெடுநாள் கவனித்தவர்களால் மட்டுமே செய்யக்கூடியவை. பல வேலைக்கும் ஒரே கண்ணாடி போதும் என்ற சோம்பல் பரவியதற்கு விலை மலிவைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கருவியா, ஏவலாளா

1997இல் இரண்டு மாநாட்டு மேடைகளில் கணினி ஆய்வாளர்கள் பென் ஷ்னைடர்மனும் பாட்டி மேஸும் வாதிட்டார்கள். திரையில் இருப்பதை மனிதரே நேரடியாகக் கையாள வேண்டும், விளைவு உடனே தெரிய வேண்டும், திரும்பி வர முடிய வேண்டும் என்பதை 1983 முதல் சொல்லிவந்தவர் ஷ்னைடர்மன். உலகம் பெருகிவிட்டது, நமக்காகச் செயல்படும் மென்பொருள் முகவர்களிடம் சிலவற்றை ஒப்படைக்கத்தான் வேண்டும் என்றார் மேஸ். அன்று பாதி கற்பனையாக இருந்த அந்த முகவர்கள் இன்று சொன்னதைச் செய்கிறார்கள். வாக்கியத்தை எழுதினால் படம் வருகிறது.

கருவியில் கையின் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு விளைவு உண்டு. ஏவலில் சொல்லுக்கும் விளைவுக்கும் இடையில் யாரோ ஒருவர் பொருள் கொள்கிறார், அவர் என்ன நிலையில் இருக்கிறார் என்பது முற்றிலும் மறைவு. வானத்தை மட்டும் சற்று இருட்டாக்கு என்று கேட்டால் கூரையும் முகமும் சேர்ந்து மாறிவிடும். மறுபடி கேட்டால் வேறொன்று மாறும். இருட்டறையில் குவித்த இரண்டு கைகள் பத்து விநாடியில் செய்த வேலைக்கு, இங்கே பத்துப் பத்திகள் எழுதிப் பார்க்க வேண்டியிருக்கிறது. படம் உருவாக்கும் சேவைகள் பலவும் எந்தப் பகுதியை மாற்றுவது என்று தடவிக் காட்ட ஒரு தூரிகையைத் திரையில் கொண்டுவந்துவிட்டன. அதன் அளவை மாற்ற ஒரு நழுவுபட்டையும், தடவியதைத் திரும்பப் பெற ஒரு அண்டூவும் கூடவே வந்திருக்கின்றன. எழுத்து, ஒலி, கணக்கு என்று மற்ற வேலைகளுக்கான முகவர்களில் இப்படிக் கை வைத்துக் காட்டும் இடம் பெரும்பாலும் இன்னும் இல்லை.